யார் வீட்டுப் பன்னிரண்டு மணி

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் 2024 மார்ச் முதல் தேதி எனக்கு வந்த கோபத்துக்கு நான் பொறுப்பாக முடியாது. அன்றைக்கு எங்கள் கசாக் அரசாங்கம் கிழக்குப் பக்கத்துக் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. நாடு முழுக்க இனிமேல் மேற்குப் பக்கத்து நேரம் ஒன்றுதானாம். மேற்கே காஸ்பியன் கடல் ஓரத்தில் இருக்கிறவனும், சீன எல்லைப் பக்கம் சைசான் ஏரிக்கரையில் இருக்கிற நானும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட வேண்டுமாம்.

நான் துர்சின்கான். தாஸ்புலாக் ஊர் வானிலை நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷமாக அளவு எடுக்கிறவன். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வேலி, அதற்குள் கால் வைத்த வெள்ளைப் பெட்டி, அதில் வெப்பமானிகள், ஒரு காற்றுமானி, மழை அளக்கும் வாளி, ஒரே ஒரு அறை, அவ்வளவுதான். நானும் வாலன்டினா என்ற அம்மாளும் மாறி மாறிப் பார்க்கிறோம்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு நாள் முழுக்க எனக்கு ஒரே வேடிக்கையாகவும் இருந்தது. இருபத்தைந்து மணி நேரம் உள்ள நாள் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தில் என்னதான் நடக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாதரசம் அசையவில்லை. சேவல் வழக்கம் போலக் கூவியது. பழைய நேரத்துக்கு வந்த நாலு பேர் மட்டும் வராத பஸ்ஸைத் திட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பனியில் நின்றார்கள்.

பிறகு முற்றத்தில் ஒரு கம்பை நட்டு நிழலை அளக்க ஆரம்பித்தேன். பழைய நேரத்தில் சூரியன் எங்கள் தலைக்கு மேல் வருவது பன்னிரண்டு இருபதுக்கு. புது நேரத்தில் பதினொன்று இருபதுக்கு. ஜூன் மாதம் விடியற்காலை மூன்றரைக்கே சூரியன் வந்து ஜன்னலைத் தட்டப்போகிறது என்று கணக்குப் போட்டுக் குல்யாஷிடம் சொன்னேன். குல்யாஷ் என் மனைவி. அவளுக்குப் புது நேரம் பிடித்திருந்தது. பால் கறக்க விளக்கு வேண்டாம் என்றாள். சாயந்திரம் சீக்கிரம் இருட்டுகிறதே என்று கேட்டால், அது பிடிக்கவில்லை என்றாள். அப்போ உனக்குப் பிடிக்குதா பிடிக்கலையா என்றால், ரெண்டும்தான் என்றாள். பாதி ஊர் அப்படித்தான் இருந்தது. வாலன்டினாவுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. கடைக்காரனுக்குத் தூக்கம் போனது. பஸ், பள்ளிக்கூடம், தபால் எல்லாம் அரசாங்க நேரத்துக்குப் போயின. மாடு, கோழி, நான், மூன்று பேரும் பழைய நேரத்திலேயே இருந்தோம். ஊரில் யார் யாரை எங்கே வரச் சொன்னாலும், "உங்க நேரமா, அரசாங்க நேரமா?" என்று ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது.

என் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்க வானிலைக்காரர்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, எல்லோரும் ஒரே சமயத்தில் அளவு எடுப்போம். எங்களுக்குக் கிரீன்விச் நேரம்தான் கணக்கு. அதை எந்த மந்திரியும் தள்ள முடியாது. அதனால் முப்பத்திரண்டு வருஷமாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் எடுத்த அளவு, மார்ச் மாதத்திலிருந்து பதினொன்றுக்கு வந்துவிட்டது. அதே வெயில், அதே பொழுது, சுவரில் மட்டும் வேறு எண். ஒரு மனுஷனின் நடுப்பகலைப் பிடுங்கிப் பதினொன்று என்று பெயர் வைத்தால் அவனுக்குக் கோபம் வராதா? வீட்டுக் கடிகாரத்தை நான் மாற்றவில்லை. யாரையும் மாற்ற விடவும் இல்லை.

என் முறை வந்த நாளில் அந்த அளவை ஒரு தடவைகூட நான் விட்டதில்லை. அதற்கு நான் கொடுத்த விலை என்ன என்று என் மகள் அக்மராலைத்தான் கேட்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் செமெய் நகரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் வாசலில் நின்று கட்டித் தழுவி வரவேற்க வேண்டும். பெண்ணைப் பெற்றவளும் அவனும் இல்லாமல் சம்பந்திகள் படி ஏற மாட்டார்கள். நான் வேலிக்குள் இருந்தேன். முடித்துவிட்டுத்தான் வந்தேன். கால் மணி நேரம். மாப்பிள்ளையின் அத்தை, "வாசல் கதவுக்கு சலாம் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டாள். சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், போனார்கள். ஒரு மாதத்தில் சம்பந்தம் கலைந்துபோனது. குல்யாஷ் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அக்மரால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. சைசான் நகரத்தில் மருந்துக் கடையில் வேலை. அங்கே ரோடு போட வந்த தெமிர்லான் என்ற பையனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நல்ல பையன். மேற்கே அக்தோபெ நகரத்துக்காரன். ஏப்ரல் கடைசியில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்து பெண்ணுக்குத் தோடு போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. பையனின் அம்மா தன் கையால் தோடு போட்டுவிட்டால், அப்புறம் அந்தப் பெண் அவர்கள் வீட்டுப் பெண்.

ஒரு வாரம் இருக்கும்போது அக்மரால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

"கேளும்மா."

"அவங்க வரும்போது நீங்க வாசல்ல நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

செமெய்க்காரர்களைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை, அதையும் பெயர் சொல்லாமல். நிற்கிறேன் என்றேன். அதோடு விடவில்லை, அன்றைக்கு மட்டும் வீட்டுக் கடிகாரத்தை அரசாங்க நேரத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். மேற்கிலிருந்து வருகிறவர்களிடம் போய் உங்கள் நேரம் பொய், எங்கள் நேரம்தான் மெய் என்று வாதாடிக்கொண்டிருக்க முடியுமா? அவள் என் தோளில் தலையை வைத்தாள்.

மறுநாள் சம்பந்தி இஸ்பாசர் போன் செய்தார். கனமான குரல், அவசரப்படாத பேச்சு. எப்போது வரலாம் என்று கேட்டார். அரசாங்க நேரப்படி பதினொன்றுக்கு அளவு, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் குளித்துச் சட்டை மாற்ற நேரம் வேண்டும். "பன்னிரண்டு மணிக்கு வாங்க சம்பந்தி" என்றேன். "நல்லது, பன்னிரண்டு மணிக்கு வந்துடறோம்" என்றார்.

கவனித்தீர்களா? ஊரில் இரண்டு மாதமாக எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? உங்க நேரமா எங்க நேரமா என்று கேட்டால், உங்களுக்கு ஒன்று எங்களுக்கு ஒன்று என்று இப்போதே பிரித்துப் பேசுவது போல ஆகாதா? சம்பந்தியிடம் அப்படிப் பேசுகிற கசாக் எவனாவது உண்டா? ரொம்ப மரியாதையாகப் போனை வைத்தோம்.

குல்யாஷ் அன்றைக்கு மட்டும் வாலன்டினாவோடு முறை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். நான் சிரித்தேன். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு முழு மணி நேரம் இருக்கிறதே, வாலன்டினாவை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்றேன். கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு.

முந்தின நாள் சாயந்திரம் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினேன். கை கூசியது. தோற்றுப்போன மாதிரி இருந்தது. கீழே நின்ற அக்மராலின் முகத்தைப் பார்த்ததும் பரவாயில்லை என்று பட்டது.

அந்த நாள் வந்தது. ஒன்பது மணிக்கு ஆட்டை வெட்டிக் கறியை அண்டாவில் ஏற்றினோம். பதினொன்றரைக்கு வெந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண்கள் பவுர்சாக் என்கிற மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அக்மரால் நீல வெல்வெட் உடுப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, தலையைப் பின்ன உட்கார்ந்தாள். நான் பழைய சட்டை, ரப்பர் பூட்ஸ். பத்து ஐம்பதுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போனேன். வெப்பமானிகளையும் காற்றையும் முதலில் பார்க்க வேண்டும், பாரோமீட்டரை மட்டும் சரியாக மணிக்குப் பார்க்க வேண்டும்.

ஏணியில் ஏறி வெள்ளைப் பெட்டியைத் திறந்து முதல் அளவை எழுதினேன். பதினான்கு புள்ளி ஆறு. அப்போது பாலத்துப் பக்கம் புழுதி தெரிந்தது. இரண்டு கார், வெள்ளையும் கறுப்பும். சைசான் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பின. எங்கள் ஊரில் அப்படிக் கழுவின கார் கிடையாது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அரசாங்க நேரம் பத்து ஐம்பத்து மூன்று. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. என் பழைய நேரத்தில் மணி பன்னிரண்டு ஆக ஏழு நிமிஷம். அந்த மனுஷன் என் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். பையன் சொல்லியிருப்பான், மாமா பழைய நேரத்துக்காரர், கோபக்காரர், அவர் பன்னிரண்டு என்றால் அவருடைய பன்னிரண்டுதான் என்று. நான் அவருக்காக என் கடிகாரத்தைத் தள்ளினேன். அவர் எனக்காகத் தன் கடிகாரத்தைத் தள்ளியிருக்கிறார்.

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் கணக்குத்தான் போட்டேன். வேகமாக முடித்தால் எட்டு நிமிஷம். கார் வந்து சேர நாலு நிமிஷம். நாலு நிமிஷம்தானே நிற்பார்கள்? அந்தக் கணக்கைப் போட்ட என்னையே நான் செருப்பால் அடித்திருக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னாலும் இதே மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் நின்றேன். நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தேன். பெட்டிக் கதவைக்கூட மூடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் போகட்டும், எழவு, ஒரு கட்டம் காலியாகக் கிடக்கட்டும் என்று ரப்பர் பூட்ஸோடு ஓடினேன். "குல்யாஷ், வந்துட்டாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் நாய் கொட்டகைக்குள் ஓடிப்போனது.

காருக்கும் எனக்கும் சரியாகத்தான் இருந்தது. கதவு திறக்கும்போது நான் வாசலில் மூச்சு வாங்க நின்றேன். இஸ்பாசர் இறங்கினார், என்னைவிட ஒரு தலை உயரம். அவரைக் கட்டிக்கொண்டேன். என் சட்டையில் பெட்டியின் சுண்ணாம்பு இருந்தது, அவருடைய கறுப்புக் கோட்டில் அப்படியே ஒட்டியது. சம்பந்திகள் தலையில் தூவ மிட்டாய்த் தட்டைத் தேடிய குல்யாஷுக்கு அது கையில் கிடைக்கவில்லை. காய்கிற தட்டில் இருந்த குர்த் உருண்டைகளை அள்ளி வீசினாள். கல் மாதிரிக் காய்ந்த தயிர் உருண்டை அது. ஒன்று இஸ்பாசரின் நெற்றியில் டொக்கென்று பட்டது. அவர் அதைக் குனிந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சீக்கிரம் வந்துட்டோமா?" என்று கேட்டார். "உங்க நேரத்துக்கு வரணும்னு நினைச்சோம். எங்க நேரத்துக்கு உங்களை இழுக்கக் கூடாதில்ல."

"நான் உங்க நேரத்துக்குக் காத்திருந்தேன் சம்பந்தி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறி வேகவில்லை, நான் சட்டை மாற்றவில்லை, நிலையத்தில் பதினொரு மணி அளவு அநாதையாகக் கிடக்கிறது. முகத்தில் ஈயாடாமல் நின்றேன்.

இஸ்பாசரின் மனைவி உல்மெகென் பின்னால் இறங்கினாள். ஒல்லியான அம்மாள், எதையும் தப்ப விடாத கண். குல்யாஷைக் கட்டிக்கொண்டாள், நலம் கேட்டாள். பிறகு என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள்.

"அது யாரு?"

திரும்பினேன். வேலிக்குள், ஏணியில், நீல வெல்வெட் உடுப்பில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னின தலை, மறுபக்கம் விரிந்த கூந்தல் காற்றில் பறந்தது. ஜன்னல் வழியாக நான் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள், திறந்து கிடந்த பெட்டியையும் பார்த்திருக்கிறாள். சின்ன வயசிலிருந்து என் பின்னாலேயே சுற்றினவள், எது எப்போது பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நோட்டு என் இடுப்பில் இருந்ததால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

தோடு போடுகிற வரைக்கும் பெண் உள் அறையில் இருக்க வேண்டும். கூப்பிட்டால்தான் தலை குனிந்து வர வேண்டும். இவள் பாதித் தலையோடு, வெட்டவெளியில், வேலையாள் மாதிரி ஏணியில் நிற்கிறாள். குல்யாஷ் கையில் மிச்சம் இருந்த குர்த்தை இறுக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அதுதாங்க எங்க பொண்ணு" என்றேன். "நான் வாசலுக்கு ஓடி வந்துட்டேன். என் வேலையை அவ பார்க்கிறா."

உல்மெகென் வீட்டுப் பக்கம் போகாமல் நேராக வேலியைப் பார்த்து நடந்தாள். இஸ்பாசர் பின்னால் போனார். அவர்கள் கூட வந்தவர்களும் போனார்கள். நாங்களும் போனோம். வேறு என்ன செய்ய? வேலிக் கதவருகே உல்மெகென் நின்றாள்.

அக்மரால் ஏணியிலிருந்து இறங்கித் திரும்பினாள். அத்தனை பேரையும் பார்த்து அவளுக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. ஒரு கணம் நின்றாள். ஆனால் மணி பதினொன்று ஆக ஒரு நிமிஷம்தான் இருந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா, பாரோமீட்டர் ஒண்ணு இருக்கு. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினாள்.

உல்மெகென் நின்றாள். வாசல் கதவுக்கு சலாம் சொல்லவா வந்தோம் என்று இந்த அம்மாளும் இப்போது கேட்கப்போகிறாள் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. இஸ்பாசர்தான் மெதுவாக, தன் ஊரில் இந்த நேரத்தில் சூரியன் உச்சிக்கு வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், இங்கே தலைக்கு மேல் நிற்கிறதே என்று வானத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். வேறு சமயமாக இருந்தால் நான் கம்பையும் நிழலையும் காட்டியிருப்பேன்.

அக்மரால் வெளியே வந்தாள். உல்மெகென் அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீல மையில் எண்கள்.

"இதெல்லாம் என்ன?"

"காத்து, மேகம், மண்ணு சூடு... அப்பா இதுவரைக்கும் ஒரு தடவைகூட விட்டதில்லம்மா. இன்னைக்கு விட்டுட்டு ஓடினாரு. எனக்காகத்தான் ஓடினாரு."

உல்மெகென் என் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே. பிள்ளைக்குக் கை வேர்க்குது, அழிஞ்சுடப் போகுது. எழுதிக்கோங்க."

நோட்டை இடுப்பிலிருந்து எடுத்தேன். ஒரு பக்கம் அந்த அம்மாள் அக்மராலின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள், மறுபக்கம் நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்து நோட்டில் ஏற்றினேன். இந்தக் கை இனி என் வீட்டில் இருக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் கல்யாணம் நடக்க வேண்டும், நின்றுவிடக் கூடாது என்று மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். நடந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. அக்தோபெ எங்கே இருக்கிறது, தாஸ்புலாக் எங்கே இருக்கிறது. இரண்டு நாள் ரயில்.

வீட்டுக்குள் போய், வேகாத கறிக்காகக் காத்துக்கொண்டு நாலு சுற்று டீ குடித்தோம். உல்மெகென் தோடு போட்டாள். மறுபக்கக் கூந்தலையும் அவளே உட்கார்ந்து பின்னிவிட்டாள். குல்யாஷ் அழுதாள். விருந்தில் பெரியவருக்கு உரிய ஆட்டுத் தலையை இஸ்பாசருக்கு வைத்தேன், அவர் அதில் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தருகிற காதை அறுத்து அக்மராலுக்குக் கொடுத்தார். என் கண்ணும் கலங்கியது. அண்டாப் புகை என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

மாலையில் அவர்கள் போன பிறகு குல்யாஷ் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு நாற்காலியைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டாள். கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் திருப்பிவிடட்டுமா என்று கேட்டாள். ஒரு நாளைக்கு என்று நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. அக்மரால் உள்ளே கையைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"விடு" என்றேன். "அங்க இப்ப மணி என்ன ஆச்சோ, சாப்பிட்டாளோ, தூங்கினாளோன்னு தினம் கூட்டிக் கழிச்சுக்கிட்டு இருக்க என்னால முடியாது. இதுல பார்த்தா அவ மணி தெரியும்."